எமர்ஜென்சியை அடைப்பது யார்? அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சி பிரிவில் ரிஜிஸ்ட்ரேஷன் வேலை பார்க்கிறேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சக்கரம் வைத்த கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், பெயர், பிறந்த தேதி, முகவரி, இன்சூரன்ஸ் கார்டு என்று கேட்டுப் பதிகிறவள். கையில் பட்டை கட்டிவிடுவதும் நான்தான். உங்கள் பொங்கல் விழாக்களில் சாப்பாட்டு வரிசையில் நின்றிருக்கிறேன். என் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். அதனால் இதை வெளியாள் எழுதும் புகார்க் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சங்கத்தையும் பெயர் சொல்லிக் குறை கூற வரவில்லை.

எழுத வைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. சங்கங்களின் பெயரிலேயே இயங்கும் குழுக்களில் சில மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "எமர்ஜென்சியில் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் காக்க வைக்கிறார்கள் என்றால், இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் சளி, இருமலுக்கெல்லாம் அங்கே வந்து குவிவதுதான் காரணம். பிரீமியம் கட்டுகிற நாம் அவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம்" என்பது அதன் சாரம். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். பொறுப்பில் இருக்கிற சிலரே 'நூற்றுக்கு நூறு உண்மை' என்று போட்டிருக்கிறார்கள்.

உண்மை இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஆயிரம் கதைகளில் இதுவும் ஒன்று என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதைப் படித்துத் தலையாட்டுகிற வீட்டிலேயே, பக்கத்து அறையில், இன்சூரன்ஸ் இல்லாமலோ, பேருக்கு ஒன்றை வைத்துக்கொண்டோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆறு மாத விசாவில் வந்த அம்மாவாகவோ அப்பாவாகவோ அவர் இருப்பார். அவரைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். அதற்கு முன் அந்தச் செய்தியின் கணக்கை முடித்துவிடுகிறேன்.

1980-களில் இந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பணமும் இன்சூரன்ஸும் இல்லாத நோயாளி வந்தால், தனியார் மருத்துவமனைகள் ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குத் தள்ளிவிடும். சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை டாக்டர்கள், தங்களிடம் அப்படி வந்து சேர்ந்தவர்களை எண்ணிப் பார்த்து 1986-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேர் போதிய இன்சூரன்ஸ் இல்லாத காரணத்துக்காக அனுப்பப்பட்டவர்கள். நாலில் ஒருவர் வண்டியில் ஏற்றும் நிலையிலேயே இல்லை. அதே ஆண்டு வந்ததுதான் எம்டாலா சட்டம்; ரீகன் கையெழுத்திட்டது. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) பணம் வாங்கும் மருத்துவமனை எதுவானாலும், எமர்ஜென்சி வாசலுக்கு வந்தவரைப் பரிசோதிக்க வேண்டும், ஆபத்தான நிலையில் இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். பணம் இருக்கிறதா, எந்த நாட்டுக் குடிமகன் என்பதெல்லாம் பிறகு. இதற்கென்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை என்பது தனிக்கதை.

என் வேலையின் முறையே இந்தச் சட்டத்தால் ஆனது. இன்சூரன்ஸ் விசாரணைக்காகப் பரிசோதனை தாமதமாகக் கூடாது என்பதால் வாசலில் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் கேட்பார்கள். டாக்டர் பார்த்த பிறகே வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் வருவேன். நம்மவர்களில் பலர் வாசலிலேயே இன்சூரன்ஸ் கார்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்பதுபோல. உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்போம் என்றால் நம்பமாட்டார்கள்.

சட்டம் இப்படி வாசலைத் திறந்து வைத்திருப்பதால் இன்சூரன்ஸ் இல்லாத கூட்டம் குவிகிறது என்று நினைப்பது இயல்பு. எண்கள் வேறு மாதிரி இருக்கின்றன. 1997-ல் அமெரிக்க எமர்ஜென்சி பிரிவுகளுக்கு 9.49 கோடி வருகைகள். 2007-ல் 11.68 கோடி. மக்கள்தொகை கூடியதற்கு ஏற்ப எவ்வளவு கூடியிருக்க வேண்டுமோ, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாரால் கூடியது என்று பிரித்துப் பார்த்து 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், பெரும்பகுதி உயர்வு மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) வைத்திருந்த வயது வந்தவர்களுடையது. அதாவது இன்சூரன்ஸ் உள்ளவர்கள். இல்லாதவர்கள் வரும் வீதம் சொல்லும்படி மாறவில்லை. அதே 2010-ல், இன்னும் பலருக்கு இன்சூரன்ஸ் கிடைக்கச் செய்யும் ஒபாமா காலச் சட்டம் வந்தது. 2010-ல் 4.8 கோடிக்கு மேல் இருந்த இன்சூரன்ஸ் இல்லாதவர்கள், 2023-ல் சுமார் 2.5 கோடியாகக் குறைந்தார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி உண்மையானால் எமர்ஜென்சி பாதி காலியாகியிருக்க வேண்டும். 2022-ல் வருகைகள் சுமார் 15.5 கோடி.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஆரிகன் மாநிலத்தின் கதை. 2008-ல் அந்த மாநிலத்திடம் மெடிக்கெய்டில் இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்க்க மட்டுமே பணம் இருந்தது. சுமார் 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். என்ன செய்வது? குலுக்கல் நடத்தினார்கள். ஏறக்குறைய 30,000 பேருக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு விழுந்தது, மற்றவர்களுக்கு இல்லை. ஏழைகளின் உடம்பைக் குலுக்கலில் வைப்பதா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஆயுளுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. ஒரே மாதிரி மக்கள். குலுக்கலில் பெயர் விழுந்ததா இல்லையா என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. ஏமி ஃபிங்கல்ஸ்டீன், கேத்தரின் பெய்க்கர் என்ற பொருளாதார அறிஞர்கள் தலைமையில் ஒரு குழு இவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது.

போர்ட்லாந்து பகுதி எமர்ஜென்சி பதிவேடுகளை வைத்து 2014 ஜனவரியில் வெளியான முடிவு எல்லோர் வாயையும் அடைத்தது. மெடிக்கெய்ட் கிடைத்தவர்கள் ஒன்றரை ஆண்டில் எமர்ஜென்சிக்கு 40 சதவீதம் கூடுதலாகப் போயிருந்தார்கள். இன்சூரன்ஸ் கொடுத்தால் எமர்ஜென்சி கூட்டம் குறையும் என்று மேடை மேடையாகச் சொல்லிவந்தவர்கள் திணறினார்கள். புதிதாகக் கிடைத்த ஆர்வம், போகப் போகத் தணியும் என்றார்கள். ஆராய்ச்சிக் குழு இரண்டு ஆண்டு வரை பார்த்து 2016-ல் மறுபடி எழுதியது, தணியவில்லை.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, ஏழைகளுக்கு இன்சூரன்ஸே வீண் என்று அடுத்த செய்தி தயாரிக்க நம் குழுவில் ஆள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. மெடிக்கெய்ட் கிடைத்தவர்கள் டாக்டரிடமும் கூடுதலாகப் போனார்கள், பரிசோதனைகளும் செய்துகொண்டார்கள். மனச்சோர்வு குறைந்தது. மருத்துவக் கடன் குறைந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் அளவு மருத்துவச் செலவு அநேகமாக இல்லாமலே போனது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற அளவுகளில் மட்டும் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. எமர்ஜென்சி உட்பட எல்லா இடத்துக்கும் போகும் தைரியத்தை இன்சூரன்ஸ் கொடுக்கிறது, அவ்வளவுதான். இல்லாதவர்கள் எமர்ஜென்சிக்கு அதிகம் போவதில்லை, மற்ற எல்லா வைத்தியத்துக்கும் குறைவாகப் போகிறார்கள் என்பதை இதே ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் தனியாகவே எழுதினார்கள்.

ஏன் கார்டு கிடைத்தும் எமர்ஜென்சிக்கே வருகிறார்கள்? இதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை. முதுகுவலியோடு வந்த ஒருவரிடம் உங்கள் குடும்ப டாக்டர் யார் என்று கேட்டால், கார்டில் அச்சிட்டிருக்கும் பெயரைக் காட்டுவார். அவரைப் பார்த்ததுண்டா என்றால் இல்லை. போன் செய்தால் மெடிக்கெய்ட் எடுப்பதில்லை என்கிறார்கள், அல்லது எடுப்போம், ஆனால் புது நோயாளிக்கு மூன்று மாதம் கழித்துத்தான் நேரம் என்கிறார்கள். மெடிக்கெய்ட் தரும் தொகை குறைவு, டாக்டர்கள் ஒதுங்குகிறார்கள். வேலை முடிந்து வருவதற்குள் கிளினிக் மூடிவிடும். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். கிளினிக்கின் இரவு நேர நம்பரை அழைத்தாலோ, பதிவு செய்த குரல் முதல் வரியிலேயே 'அவசரமென்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள்' என்கிறது. அவர்களும் சொன்னபடி வருகிறார்கள். இன்சூரன்ஸ் என்பது பணம் கட்டுவதற்கான ஏற்பாடு. டாக்டரின் கதவு திறப்பது வேறு ஏற்பாடு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானாக நடக்கும் என்று எண்ணித்தான் எல்லோரும் ஏமாந்தார்கள்.

சளி இருமலுக்கு வருகிறார்கள் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் நோயின் பெயரை வைத்து இது தேவையில்லாத வருகை என்று முடிவு கட்டுவது சுலபம். நெஞ்சுவலி என்று வந்தவர் வயிற்று அமிலம் என்ற சீட்டோடு திரும்பிப் போவார். வரும்போது அவருக்கு எப்படித் தெரியும்? 2013-ல் வந்த ஓர் ஆய்வில், குடும்ப டாக்டரே பார்த்திருக்கலாம் என்று கடைசியில் தெரிந்த வருகைகள் 6.3 சதவீதம்தான். அவர்கள் வரும்போது சொன்ன அதே உபாதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களைக் கணக்கெடுத்தால் மொத்த வருகையில் 88.7 சதவீதம்! வாசலில் நின்று யாராலும் பிரிக்க முடியாது. அதனால்தான் சாதாரண ஆள் நியாயமாக அவசரம் என்று நினைத்து வந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் கம்பெனி மறுத்தால் அந்த விதியைச் சொல்லி முறையிடுங்கள்.

அப்படியானால் எட்டு மணி நேரக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது? காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கும் இருமல்காரரால் வருவதில்லை. அவருக்குப் படுக்கையே தேவையில்லை. ஒரு நாற்காலியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். உள்ளே, அட்மிட் செய்தாகிவிட்டது, மேலே வார்டில் கட்டில் இல்லை என்று எமர்ஜென்சியிலேயே கிடப்பவர்களால் வருகிறது. போர்டிங் என்று சொல்வோம். வார்டில் ஏன் கட்டில் இல்லை? வீட்டுக்குப் போகத் தயாரான முதியவருக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்கவில்லை, அல்லது மேலே நர்ஸ் போதவில்லை. ஒரு இரவு எங்கள் நடைபாதையில் சுவரில் ஒட்டிய எண்களுக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள். அறை எண் கேட்டு வரும் உறவினரிடம் 'ஹால் 7' என்று சொல்ல எனக்கே நாக்கு கூசும். அங்கே கிடந்தவர்களில் பலர் மெடிகேரும் நல்ல தனியார் இன்சூரன்ஸும் வைத்திருந்தவர்கள். எட்டு மணி நேரம் காத்திருந்த கோபத்தை நீங்கள் யார்மேல் காட்டினாலும், அந்த இருமல்காரர்மேல் மட்டும் வேண்டாம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஒரு மாலை, கொங்குப் பக்கத்து அம்மா ஒருவர். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். மகன் அழைத்து வந்திருந்தார். இரண்டு நாளாக நெஞ்சில் எரிச்சல், தலை கிறுகிறுப்பு. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சமையலறையில் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மருமகள் பார்த்திருக்கிறார். வந்த சில நிமிடத்திலேயே இ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள், நெஞ்சுவலி என்றால் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது முறை. நான் வண்டியோடு போனபோது ஒயர்கள் எல்லாம் ஒட்டியிருந்தன. என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "தமிழா கண்ணு நீ?" என்றார். ஆமாம்மா என்றதும் என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஊசியப் போட்டு அனுப்பி விடச் சொல்லு கண்ணு. ரூமெல்லாம் வேண்டாம். பையனுக்குச் செலவு. இது வெறும் வாயுதான்."

ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு மகன் ஆமாம் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்குக் கணக்காக மாத்திரை கொண்டு வந்திருக்கிறார். மருமகளுக்குப் பிரசவம், குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று தங்குவதற்கு நீட்டிப்பு கேட்டிருக்கிறார்கள். மாத்திரை தீரப்போகிறது என்று தெரிந்ததும், மகனிடம் சொல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கிக்கொண்டார். பிறகு பாதி மாத்திரை. ஊரில் மருந்துக் கடைத் தம்பியிடம் பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுவார். இங்கே டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டுக்கு டாக்டர் வேண்டும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று மகன் நினைத்துக்கொண்டிருந்தார், அம்மா அதைக்கூட யோசிக்கவில்லை.

மாரடைப்பு இல்லை. இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்து, மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அந்த வகை ரத்த அழுத்த மாத்திரை இங்கே பெரிய கடைகளில் மாதத்துக்கு சில டாலர்தான்.

மகன் போனில் வைத்திருந்த இன்சூரன்ஸ் கார்டை நான் பதிந்தேன். சங்க விழா ஒன்றில், அரங்கு வாசலில் போட்டிருந்த கடையில் வாங்கியதாம். நிலையான தொகை தரும் வகை. எமர்ஜென்சிக்கு இத்தனை, ஸ்கேனுக்கு இத்தனை, ஒரு நாள் அட்மிஷனுக்கு இத்தனை என்று சில நூறு டாலர் முதல் எழுதியிருக்கும். பில் எத்தனை ஆயிரம் வந்தாலும் அதற்கு மேல் பைசா வராது. அதோடு, முன்பே இருந்த நோய்க்குக் கிடையாது என்ற வரி. அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு முன்பே இல்லாத நோய் எது? சில பாலிசிகளில், முன்பே இருந்த நோய் 'திடீரென்று தீவிரமானால்' மட்டும் கொடுப்போம் என்று இருக்கும். மாத்திரையை விட்டுவிட்டதால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது திடீர் கணக்கில் வருமா? அதைக் கம்பெனி முடிவு செய்யும்.

சங்க விழாக்களில் இந்தக் கடைகள் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்பான்சர் இல்லாமல் விழா நடக்காது. பட்டிமன்றத்துக்கு ஊரிலிருந்து பேச்சாளரை அழைத்து வரும் விமானச் செலவு யார் கொடுப்பது? ஆனால் மேடையில் நின்று 'நம் சமூகத்துக்குத் துணையாக இருக்கும்' என்று நன்றி சொல்லி ஒரு நினைவுத் தட்டு கொடுக்கும்போது, அந்தக் கடை எதை விற்கிறது என்று நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். சங்கத்தின் பேனருக்குக் கீழே விற்றால் சங்கமே சொன்னதாகத்தான் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மகன் என்னிடம் சொன்னதும் அதுதான்: "சங்கத்துல வாங்கினதுங்க."

பெற்றோர் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் ஒருவருக்கு வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ இருக்கும் 60 நாள் கெடுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இன்சூரன்ஸ் பெரும்பாலும் அந்த மாதக் கடைசியோடு முடிவதைப் பேசுவதில்லை. கோப்ரா என்ற ஏற்பாட்டில் பழைய இன்சூரன்ஸைத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும். தொகையைப் பார்த்து மலைத்து விட்டுவிடுகிறார்கள். முடிவெடுக்க 60 நாள் இருக்கிறது, பின் தேதியிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். கிரீன் கார்டில் வரும் அப்பா அம்மாவுக்கு மெடிகேர் கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே இருக்க வேண்டும். அதுவரை மாநிலத்தின் இன்சூரன்ஸ் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) பாலிசி வாங்கலாம், வந்து 60 நாளுக்குள் பதிந்தால். இந்த 60 நாளைத் தவறவிட்டவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் அவர்களுக்கு நான் தட்டும் வார்த்தை 'செல்ஃப் பே', தானே பணம் கட்டுபவர் என்று. உங்கள் வாட்ஸ்அப் செய்தியில் வரும் இன்சூரன்ஸ் இல்லாத கூட்டம் அதுதான்.

இது இன்னும் கூடப்போகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய மெடிக்கெய்ட் தகுதி மறுசரிபார்ப்பில் மட்டும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் மெடிக்கெய்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தகுதி இல்லை என்று முடிவாகிப் போனவர்கள் அல்ல, தாள் போய்ச் சேரவில்லை, படிவம் திரும்பி வரவில்லை என்ற நடைமுறைக் காரணங்களால் போனவர்கள். சந்தைப் பாலிசிகளுக்குக் கொடுத்துவந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிந்தது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, 2027-லிருந்து, ஒபாமா காலச் சட்டம் மெடிக்கெய்டை விரிவாக்கியதால் அதில் சேர்ந்த வயது வந்தவர்கள் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். அதே 2027-லிருந்து, குடிமக்கள் அல்லாதவர்களில் சந்தை மானியம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வேறு சில சிறு பிரிவினருக்கும் மட்டும். எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இந்தச் சட்டத்தால் 2034-க்குள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் இன்சூரன்ஸ் இழப்பார்கள் என்பது காங்கிரஸின் வரவு செலவு அலுவலகத்தின் கணிப்பு. அப்போதும் எமர்ஜென்சியில் கூட்டம் இருக்கும், இதே செய்தி மறுபடி சுற்றும். ஆனால் கார்டு இழந்தவர் முன்பைவிட அதிகமாக எமர்ஜென்சிக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாவைப்போல வாயு என்று சொல்லிக்கொண்டு, தாமதமாக, முற்றிய பிறகு வருவார்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் மருத்துவ முகாம் வைக்கிறீர்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், சர்க்கரை பார்க்கிறீர்கள். நல்லதுதான். அளவு அதிகமாக இருந்தால் 'உங்கள் டாக்டரைப் பாருங்கள்' என்று ஒரு சீட்டும் கொடுக்கிறீர்கள். அந்தச் சீட்டை வாங்கும் முதியவருக்கு இந்த நாட்டில் டாக்டரே கிடையாது. அந்த இடத்தில் இரண்டாவது மேசை ஒன்று வேண்டும். உங்கள் ஊரில் இருக்கும் சமூக மருத்துவ மையத்தின் (கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்) முகவரியும் நேரமும் அங்கே இருக்கட்டும். 1965-ல் பாஸ்டனில் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று நாடு முழுக்க 3 கோடிக்கு மேற்பட்டவர்களைப் பார்க்கிறது. கட்ட முடியாது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் என்பது அதன் விதி. நம்மவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று தன் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியும்? அது ஏழைகளுக்கு என்று நினைத்து ஒதுங்குகிறவர்களும் உண்டு. ஒதுங்கிவிட்டு எமர்ஜென்சிக்கு வருகிறார்கள்.

நம் சங்கங்களில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. இலவச வைத்தியம் கேட்கவில்லை. லைசென்ஸ், வழக்கு என்று அவர்களுக்கும் ஆயிரம் சிக்கல். தங்கள் கிளினிக்கில் சுற்றுலா விசாவில் வந்த பெற்றோரை ரொக்கத்துக்குப் பார்ப்பார்களா, பார்த்தால் எவ்வளவு என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தப் பட்டியல் குழுவில் இருந்தால், மாத்திரை தீர ஒரு மாதம் இருக்கும்போதே மகன் கூப்பிட்டிருப்பார்.

ஸ்பான்சர் கடைக்காரர்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: பாலிசி நிலையான தொகையா, முழுமையானதா, முன்பே இருந்த நோய்க்கு என்ன கிடைக்கும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், மேசைமேல் வைக்க வேண்டும். வைக்க மறுக்கிறவருக்குத் தட்டும் வேண்டாம், மேடையும் வேண்டாம். விலை உயர்ந்ததை வாங்கச் சொல்லவில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும்.

பில் வந்த பிறகும் வழி இருக்கிறது. கட்டாமல் ஊருக்குப் போய்விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஆலோசனை சொல்லும் அண்ணன்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். லாப நோக்கில்லாத மருத்துவமனை ஒவ்வொன்றும் நிதி உதவி விதிகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். நியூ ஜெர்சியில் சேரிட்டி கேர் என்று கேளுங்கள். முதலில் விவரப் பில்லைக் கேட்டு வாங்குங்கள். 2022 ஜனவரியிலிருந்து, இன்சூரன்ஸ் உள்ளவருக்கு எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள, அதாவது அவர் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத டாக்டர் பார்த்தார் என்று தனி பில் போட முடியாது. சாலை ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் இன்னும் விடுபட்டிருக்கிறது. அப்புறம், பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுக் குழந்தையிடம் பாட்டி தன் உபாதையைச் சொல்லமாட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் மருத்துவமனை போனிலாவது ஏற்பாடு செய்ய வேண்டும், இலவசமாக. அது சட்டம். கேட்கிறவர்கள் குறைவு.

அந்த வாட்ஸ்அப் செய்தியை யார் முதலில் போட்டார் என்று தேட வேண்டாம், நீக்கவும் வேண்டாம். இந்த மடலை அதற்குக் கீழே போட்டுவிடுங்கள்.

அடுத்த விழாவில் மேற்சொன்ன இரண்டாவது மேசைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன். வார இறுதியில் எனக்கு இரவு ஷிப்ட், பகலில் மதியம் வரை இருக்க முடியும். ஸ்பான்சர் கடைகளுக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
எமர்ஜென்சி ரிஜிஸ்ட்ரேஷன் ஊழியர் ஒருவர்,
நியூ ஜெர்சி